விகுதியும் வழக்கும்

காஞ்சி மாநகரில் இலக்கணத்தின் பெயரால் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் வழக்குகளுள் புகழ்பெற்றது குமரகோட்டத்து வழக்கு. கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றப் புகுந்தபோது, காப்புச் செய்யுளின் முதற்சொற் புணர்ச்சிக்கே இலக்கணம் எங்கே என்று அவையில் ஒருவர் தடுத்தாராம். தொல்காப்பியத்தில் விதி அகப்படவில்லை, அரங்கேற்றம் நின்றது. பின்னர்ச் சோழநாட்டுப் புலவர் ஒருவர் வீரசோழியத்தைக் கொண்டுவந்து உரிய நூற்பாவைக் காட்டவே தடை நீங்கிற்று என்பது செவிவழிச் செய்தி. நடந்ததோ இல்லையோ, கதை நம் ஊரின் இயல்பை நன்கு சொல்கிறது. இங்கே ஒரு சொல் அவையில் நிற்க வேண்டுமானால் அதற்கொரு நூற்பா வேண்டும்.

ஒரு சொற்புணர்ச்சிக்கு இத்தனை பாடுபட்ட தமிழ், ஒரு மனிதரைச் சுட்டும் விகுதிக்கு என்ன செய்தது? ஆணெனக் குறிக்கப்பட்டுப் பெண்ணாகத் தம்மை உணர்வோர், பெண்ணெனக் குறிக்கப்பட்டு ஆணாக உணர்வோர், இரண்டிலும் அடங்காதோர் ஆகியோரை 'அவன்' என்பதா, 'அவள்' என்பதா, 'அவர்' என்பதா? அண்மைக் காலத்தில் இவ்வினா நீதிமன்றங்களுக்கும் சட்டமன்றங்களுக்கும் சென்றுவிட்டது. மேனாட்டிலிருந்து இறக்குமதியான சிக்கல் இது என்று எண்ணுவார் நம்மிடையே உளர். அவ்வெண்ணம் தவறு. நம் இலக்கண நூலார் இதனை நெடுங்காலத்துக்கு முன்னரே எடுத்து விதி செய்திருக்கின்றனர். அவ்விதி நேராகச் சென்ற இடமும் உண்டு. வழுக்கிய இடமும் உண்டு. தமிழில் 'வழக்கு' என்பது மக்கள் பேச்சையும் குறிக்கும். மன்றத்தில் தொடுப்பதையும் குறிக்கும். இவ்விரண்டும் ஒன்றையொன்று தொடும் வரலாறு இது.

முதலில் மொழியின் அமைப்பை நோக்குவோம். தன்மையிலும் முன்னிலையிலும் தமிழ் பால் கேட்பதில்லை. 'நான் வந்தேன்' என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. 'நீ வந்தாய்' என்பதும் அவ்வாறே. படர்க்கைக்கு வந்தால்தான் வினைமுற்றின் கடைசியில் ஆன், ஆள், ஆர், அது, அ என்று ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். எதிரே நிற்பவரிடம் பால் வினவாத மொழி, அவர் எழுந்து போனபின் அவரைப் பற்றிப் பேசும்போது வினவுகிறது. ஆங்கிலத்தில் சுட்டுப்பெயரோடு முடிந்துவிடும் சிக்கல், தமிழில் ஒவ்வொரு வினையிலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. மலையாளத்தில் வினை இவ்விகுதிகளை உதிர்த்துவிட்டது. அங்கே அவனும் அவளும் 'வந்நு'தான். நமக்கு அந்த வசதி இல்லை.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தைத் தொடங்கும்போதே திணை இரண்டு, பால் ஐந்து என்று வகுக்கிறார். வகுத்த கையோடு, நான்காம் நூற்பாவிலேயே, அவ்வகுப்பில் நேராக அடங்காத இரு சாராரை எடுத்துக்கொள்கிறார். ஒரு சாரார் ஆண்மை திரிந்து பெண்மையைச் சுட்டிய பெயரினர். மற்றொரு சாரார் தெய்வங்கள்! இவ்விரு வகைப் பெயர்களுக்கும் தமக்கென்று பால் காட்டும் தனி ஈறு இல்லை. இவை உயர்திணையின் பால்களுக்குரிய ஈறுகளையே கொண்டு முடியும் என்பது அவர் விதி. அலகிடுவதற்கு அரிய இரு கூட்டத்தை ஒரே நூற்பாவில் நிறுத்தி, இரண்டையும் உயர்திணையில் வைத்துவிட்டார். அம்மட்டோடும் நில்லாமல், சில நூற்பாக்கள் தள்ளி மீண்டும் வந்து, ஆண்மை திரிந்த பெயர் ஆண்பாலை உணர்த்தும் சொல்லோடு பொருந்துவதற்கு இடமில்லை என்று விலக்குகிறார். எனவேதான் உரையாசிரியர்கள் 'பேடி' என்னும் பெயருக்குப் பெண்பால் முடிபு காட்டினர்.

இவ்விரண்டாம் நூற்பா மிகுந்த கவனத்துக்கு உரியது. ஏற்றுக்கொள்ளும் விதி செய்வது எளிது. தவறாக அழைத்தலை விலக்கும் விதி செய்ய வேண்டுமானால், அத்தவறு நடந்துகொண்டிருந்ததை ஆசிரியர் கண்டிருக்க வேண்டும். பெண்ணாகத் தோன்றி நிற்பவரை 'வந்தான்' என்று சொல்வோர் அன்றும் இருந்தனர் போலும்.

தொல்காப்பியத்தை இதற்காக வானளாவப் புகழ்ந்துவிடவும் வேண்டா. 'திரிதல்' என்னும் சொல்லே நிலையிலிருந்து வழுவுதலைக் குறிப்பது. மேலும் அவர் ஆண்மை திரிதலை மட்டுமே பேசுகிறார். பெண்ணெனப் பிறந்து ஆணாக வாழ்வோர் அவர் நூற்பாவில் இல்லை. எனினும் பெயரியலில் அவர் விட்டுச்சென்ற ஒரு சொல் இன்றைக்குப் பெரிதும் பயன்படுவது. அது 'ஒருவர்' என்பது. இப்பெயர் ஆண், பெண் ஆகிய இருபாற்கும் உரியது என்றும், பொருளில் ஒருமையே ஆயினும் பன்மை வினை கொள்ளும் என்றும் அவர் கூறுகிறார். பால் காட்டாத ஒருமைக்குப் பன்மை ஈறு கொடுப்பது இலக்கண முறையாகுமா என்று இன்று உலகின் பல மொழிகளில் சண்டை நடக்கிறது. நம்மிடம் அதற்கு நூற்பாவே இருக்கிறது.

இலக்கணத்தில் இடம் கிடைத்தவர்க்கு இலக்கியத்தில் கிடைத்த இடம் வேறு. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி ஆடிய பதினோராடலுள் 'பேடு' ஒன்று. காமன் பேடி உருக்கொண்டு ஆடியதாகச் சொல்லப்படுவது. மணிமேகலையில் புகார் வீதியில் அவ்வாடலை மக்கள் நின்று பார்க்கின்றனர். ஆடுவோராகக் காட்டப்பட்டனர், வாழ்வோராக அன்று. மணிமேகலையே வஞ்சி நகர்ச் சமயவாதிகளிடம் பொருள் கேட்க வேற்றுருக் கொள்ள வேண்டியிருந்தது. இளம்பெண்ணுக்கு அவர்கள் மெய்ப்பொருள் உரையார் என்பது காரணம். ஆணுருவத் தவவேடத்தில் எல்லோரிடமும் கேட்டு, ஒன்றும் மனத்தில் நில்லாமல், இறுதியில் அவள் வந்து அறவணர்பால் தருமம் கேட்டது இக் கச்சியில்தான். உருவுக்கும் மரியாதைக்கும் உள்ள தொடர்பை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன கதை இல்லை.

அறநூல்கள் இன்னும் கடுமையாயின. திருக்குறளில் பேடியின் கைவாள் இருமுறை பயனின்மைக்கு உவமையாக வருகிறது. நாலடியார், பிறர்மனை விழைந்தோர் மறுபிறப்பில் அலியாகி ஆடிப் பிழைப்பர் என்று பயமுறுத்துகிறது. இலக்கணத்தில் பால் பற்றிய பெயராக இருந்தது இங்கே கோழைத்தனத்தின் பெயராகவும் பாவத்தின் பயனாகவும் மாறிற்று. பின்வந்தோர் உவமையை எடுத்துக்கொண்டனர், நூற்பாவை மறந்தனர். பாரதியும் தம் சுயசரிதையில் தாம் பெற்ற ஆங்கிலக் கல்வியைப் பழிக்க இச்சொல்லையே அடையாக்கினார். நம் கவியரங்குகளில் எதிரியை இகழ வேண்டும்போது இன்றும் நாவில் முதலில் வந்து நிற்பது அதுவே. இதைச் சொல்வதில் யாரையும் தனித்துக் குறை கூறும் நோக்கம் இல்லை, கைதட்டுவோரும் நாமே.

இப்போது நன்னூலுக்கு வருவோம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் வேண்ட, சமண முனிவராகிய பவணந்தி செய்த இந்நூல் தொல்காப்பியத்தைச் சுருக்கியது என்று மட்டும் சொல்வார்கள். இந்த ஓரிடத்தில் அவர் செய்தது சுருக்கம் அன்று. பெண்மையை விட்டு ஆண்மையை அவாவும் பேடு ஆண்பால். ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவது பெண்பால் என்பது அவர் விதித்தது. தொல்காப்பியர் விட்ட மறுதலையை இவர் சேர்த்தார் என்பது ஒரு சிறப்பு. அதனினும் பெரியது, பாலை முடிவுசெய்யும் அளவுகோலாக அவர் எடுத்துக்கொண்ட வினை. பிறந்தது, தோன்றியது, பிறர் கண்டது ஆகிய எதனையும் அவர் கூறவில்லை. 'அவாவுதல்' என்றார். அவாவுதல் ஒருவர் தம் உள்ளத்தே நிகழ்த்துவது. அதனைப் பிறர் அளந்து சொல்ல முடியாது. அவாவியவர்தாம் சொல்ல வேண்டும். எந்தப் பாலை ஒருவர் விரும்பிச் சேர்கிறாரோ அந்தப் பாலின் விகுதி அவருக்கு உரியது என்னும் கொள்கை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் தமிழ் நூற்பாவில் ஏறியிருக்கிறது.

அந்நூற்பாவின் ஈற்றடியில்தான் கால் இடறுகிறது. இவ்விரு வகையினரும் அஃறிணையை ஒப்பவும் ஆவர் என்று முடிக்கிறார் பவணந்தியார். உலக வழக்கில் 'அது வந்தது' என்று மக்கள் பேசியதைக் கேட்டுப் பதிவு செய்தார் என்று அவர் பக்கம் நின்று வாதிடலாம். இலக்கண நூல் உள்ளதைச் சொல்வதும் உண்டு. ஆவதைச் சொல்வதும் உண்டு. ஆயினும் பதிவு செய்ததே அனுமதியாகிவிட்டது. தொல்காப்பியர் தெய்வத்தின் பக்கத்தில் நிறுத்தியவரை, நன்னூலார் ஒரு கையால் அவரவர் விருப்பப்படி ஆணும் பெண்ணுமாக்கி, மறுகையால் மாட்டுக்கும் மரத்துக்கும் உரிய வரிசையில் நிற்கவைத்தார். இன்றும் தெருவில் கேட்கும் 'அது போகுது பார்' என்னும் பேச்சுக்குப் பின்னால் இந்த ஈற்றடி நிற்கிறது.

நம் ஊர்க் கோயில்களை அறிந்தோர்க்கு இந்த முரண் இன்னும் உறைக்கும். இராசசிம்ம பல்லவன் ஏறத்தாழ 700-ஆம் ஆண்டளவில் எடுத்த கயிலாசநாதர் கோயிலில் ஒருபாதி பெண்ணான சிவனைச் சிற்பி செதுக்கிவைத்திருக்கிறான். குமரகோட்டத்தில் அரங்கேறிய கந்தபுராணத்தில் திருமால் மோகினியாகிச் சிவனொடு கூடி ஐயனாரைப் பெற்ற கதை விரித்துரைக்கப்படுகிறது. தெய்வம் பால் கடந்தால் நாம் கைகூப்புகிறோம். தெய்வத்தையும் மனிதரையும் ஒரே விதிக்குள் கொண்டுவந்த தொல்காப்பியரின் நான்காம் நூற்பாவில் முதற்பாதி நமக்கு மறந்தது. பிற்பாதி மட்டும் நினைவிலுள்ளது.

அரசின் சட்டத்துக்கு வருவோம். 1871-இல் ஆங்கிலேய அரசு இயற்றிய குற்றப்பரம்பரைச் சட்டத்தைப் பற்றித் தமிழ் வாசகர் அறிவர். அச்சட்டத்துக்கு இரண்டாம் பகுதி ஒன்று இருந்தது என்பதைப் பலர் அறியார். வடமேற்கு மாகாணங்கள், அயோத்தி, பஞ்சாப் ஆகிய பகுதிகளை நோக்கி எழுந்த அதில், 'அலிகள்' என்று அரசு கருதியோரின் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றும்படி விதி செய்யப்பட்டது. பதிவேட்டில் ஏறியவர் பொதுவிடத்தில் பெண்ணுடை உடுத்துத் தோன்றினால், ஆடினால், பாடினால், பிடியாணை இன்றியே கைது செய்யலாம். ஈராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அவர் சிறுவருக்குக் காப்பாளராக இருத்தல் கூடாது, கொடை எழுதுதல் கூடாது, உயில் எழுதுதல் கூடாது, மகவேற்பு கூடாது. சேலை நெய்து உலகுக்கு அனுப்பும் ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது ஒன்று தோன்றுகிறது. நாம் தறியிலிருந்து அறுத்து மடித்து அனுப்பிய துணி, உடுத்தியவர் யார் என்பதைக் கொண்டு இந்நாட்டின் ஒரு பகுதியில் ஈராண்டுச் சிறைக்குக் காரணமாகக் கூடியதாக இருந்தது.

விடுதலைக்குப் பின் குற்றப்பரம்பரைச் சட்டம் நீங்கிற்று. ஆனால் நீங்கியது தண்டனை மட்டும், பெயர் நீங்கவில்லை. தமிழகத்தில் பெயரை மாற்றும் முயற்சி 1990-களிலும் அதற்குப் பின்னும் வலுப்பெற்றது. கூவாகத்துக் கூத்தாண்டவர் விழாவில் அரவானை மணந்து மறுநாளே கைம்மை பூணும் சடங்கையொட்டி 'அரவாணி' என்னும் சொல் பரவிற்று. பழைய வசைகளைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் ஒரு கதைக்குள்ளேயே, அதுவும் ஒருநாள் தாலியோடு முடியும் கதைக்குள்ளேயே, ஒருவரை அடைத்துவைக்கும் சொல். 2008 ஏப்ரலில் தமிழக அரசு நல வாரியம் அமைத்தபோது அதற்கு அப்பெயரே இருந்தது. மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்த அவ்வாட்சிக் காலத்திலேயே 'திருநங்கை' அரசு வழக்காயிற்று. பின்னர் ஆணாக வாழ்வோர்க்குத் 'திருநம்பி'யும், எல்லோர்க்கும் பொதுவாகத் 'திருந'ரும் வந்தன. 'நம்பி வந்தான், நங்கை வந்தாள்' என்பவை தமிழாசிரியர் உயர்திணைக்குக் கரும்பலகையில் எழுதும் வாடிக்கையான எடுத்துக்காட்டுகள் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். திட்டமிட்டோ இயல்பாகவோ, உயர்திணைக்குச் சான்றாக நின்ற இரு சொற்களையே புதுப்பெயர்கள் அடியாகக் கொண்டன.

2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் ஆண், பெண் என்னும் இரண்டுக்கு அப்பால் 'மற்றவர்' என ஒரு குறியீடு வந்தது. நாடு முழுதும் ஏறத்தாழ 4 இலட்சத்து 88 ஆயிரம் பேரும், தமிழகத்தில் 22,364 பேரும் அக்குறியீட்டில் எண்ணப்பட்டனர். சொல்லத் துணிந்தோரின் தொகை அது.

2014 ஏப்ரல் 15 அன்று உச்சநீதிமன்றத்தில் நீதியரசர்கள் கே. எஸ். இராதாகிருஷ்ணனும் ஏ. கே. சிக்ரியும் வழங்கிய தீர்ப்பு, தேசியச் சட்டப்பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில் வந்தது. தம் பாலினம் எது என்று முடிவு செய்யும் உரிமை அவரவர்க்கே உண்டு. அதற்கு அறுவை மருத்துவம் செய்துகொண்டிருத்தல் வேண்டும் என வற்புறுத்துதல் முறையன்று. மூன்றாம் பாலினம் சட்டத்தின் கண்ணில் உண்டு என்றது அத்தீர்ப்பு. பவணந்தியாரின் 'அவாவுதல்' நீதிமன்றம் ஏறிய நாள் என்று அதனைச் சொல்லத் தோன்றுகிறது. அடுத்த ஆண்டு நவம்பரில், காவல் உதவி ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பித்த பிரித்திகா யாசினிக்குச் சென்னை உயர்நீதிமன்றம் வழி திறந்தது. விண்ணப்பப் படிவத்தில் அவருக்கெனக் கட்டம் இல்லாமையே முதல் தடையாக இருந்தது. 2017-இல் அவர் பணியேற்றார்.

நம்மைப்போல் சொல்லோடு பழகுவோர்க்கு இவற்றினும் சுவையானது 2019 ஏப்ரல் 22 அன்று மதுரைக் கிளையில் நீதியரசர் ஜி. ஆர். சுவாமிநாதன் வழங்கிய தீர்ப்பு. தூத்துக்குடிக் கோயிலில் ஓர் ஆணுக்கும் திருநங்கைக்கும் நடந்த திருமணத்தைப் பதிவுசெய்ய அலுவலர் மறுத்தார். வழக்கு முழுவதும் ஒரு சொல்லின் பொருளில் வந்து நின்றது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் கூறும் 'மணமகள்' யார்? சட்டச்சொல்லுக்கு என்றென்றைக்கும் ஒரே பொருள் இல்லை. காலத்தோடு அது வளரும். மணமகள் என்பதில் திருநங்கையும் அடங்குவார் என்று நீதியரசர் உரை கண்டார். உரையாசிரியர்கள் ஒரு நூற்பாவுக்கு நயம் காணும் முறையே இது. அதே தீர்ப்பில், பால் தெளிவுறாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு அவர்கள் அறியாப் பருவத்திலேயே அறுவை செய்து ஒரு பாலில் திணிப்பதைத் தடுக்கவும் வழி வகுத்தார். அவ்வாண்டே தமிழக அரசு அதற்கு ஆணையும் பிறப்பித்தது.

அவ்வாண்டின் இறுதியில் நாடாளுமன்றம் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 2020 சனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. கல்வி, வேலை, மருத்துவம், குடியிருப்பு ஆகியவற்றில் வேற்றுமை காட்டுதலை அது விலக்கியது. தம் பாலினத்தைத் தாமே உணர்ந்து கூறும் உரிமையை ஒரு பிரிவில் அளித்தது. மாவட்ட ஆட்சியரிடம் சான்று பெறும் முறையை அடுத்த பிரிவில் வைத்தது. ஒரு கையால் கொடுத்து மறுகையால் பிடிக்கும் இம்முறைக்கும் நன்னூல் முன்மாதிரி உண்டு என்று கசப்போடு சொல்லலாம். உடலால் மட்டுமன்றிச் சொல்லால் துன்புறுத்துவதையும் குற்றமாக்கியது சட்டம். தண்டனை 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை. 1871-இல் சேலை உடுத்தியவருக்கு விதித்த உச்ச அளவும் அதே ஈராண்டுதான். பெண்களுக்கு எதிரான கொடுங்குற்றங்களுக்கு உள்ள தண்டனையோடு ஒப்பிட்டு, இவ்வளவுதானா எங்கள் உயிரின் விலை என்று திருநர் கேட்டது நியாயமே.

எந்த விகுதியால் சுட்ட வேண்டும் என்று அச்சட்டம் ஒன்றும் கூறவில்லை. கனடா 2017-இல் தன் மனித உரிமைச் சட்டத்தில் பாலின அடையாளத்தைச் சேர்த்தபோது, சுட்டுப்பெயரைச் சட்டம் வற்புறுத்துமா என்று பெரும் பூசல் எழுந்தது. சுவீடனில் 2015-இல் அந்நாட்டுக் கழகம் தன் சொற்பட்டியலில் இருபாற்பொதுச் சுட்டான 'ஹென்' என்பதைச் சேர்த்தது. தமிழகத்தில் இம்முயற்சி வேறு வழியில் வந்தது. 2021-இல் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்த ஒரு வழக்கு, காவல்துறையின் தொல்லையில் தொடங்கிச் சொற்களில் வந்து சேர்ந்தது. மரியாதையான சொற்களின் பட்டியல் ஒன்று வேண்டும் என்று நீதிமன்றம் வற்புறுத்த, 2022 ஆகஸ்டில் தமிழக அரசிதழில் அருஞ்சொற்பட்டியல் வெளியாயிற்று. திருநர், ஊடுபால், பால்புதுமையர் முதலிய சொற்கள் அவ்வாறு அரசின் முத்திரை பெற்றன. சொல்லுக்கு நூற்பா கேட்ட ஊரார்க்கு, அரசிதழ் நூற்பாவாகும் காலம் வந்தது வியப்பாக இராது. ஆனால் பெயர்ச்சொற்களுக்கே அரசிதழ் வந்தது. வினைமுற்றுக்கு வரவில்லை, வரவும் இயலாது.

'அவர்' என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது என்பர். பொதுமேடையிலும் ஏட்டிலும் அது நல்ல வழியே. ஆனால் தமிழில் 'அவர்' என்பது பால் மறைக்கும் சொல் மட்டுமன்று, தகுதி அளக்கும் சொல்லுமாம். ஒருவரைப் பன்மையாற் கூறுவது உயர்வு கருதிய வழக்கேயன்றி இலக்கண நெறியன்று எனத் தொல்காப்பியரே பிரித்துரைத்தார். நாளேடுகள் நெடுங்காலம் அமைச்சருக்கு 'ஆர்' கொடுத்தன. திருடனுக்கும் இரப்போனுக்கும் 'ஆன்' கொடுத்தன. எனவே திருநங்கைக்கு 'ஆர்' கிடைப்பது உயர்வு என்பதில் ஐயமில்லை. ஆயினும் நெருங்கிய தோழியை 'அவள்' என்னும் உரிமையோடு பேசும் நாம், திருநங்கையான தோழியை மட்டும் 'அவர்' என்றே விலக்கி நிறுத்தினால், அம்மரியாதைக்குள் ஒரு மறுப்பு ஒளிந்திருக்கும். தொல்காப்பியர் கேட்டது பெண்பால் முடிபை. இரண்டிலும் அடங்காதவர்க்கோ 'ஒருவர்' உண்டு. எது வேண்டும் என்று கேட்டறிவதற்குத் தமிழில் தடையேதும் இல்லை. கேட்கும் முன்னிலை வினைக்குப் பால் கிடையாது.

படைப்பிலக்கியத்தில் இவ்வினா நெடுநாளாக நின்றுகொண்டிருக்கிறது. கி. ராஜநாராயணன் 'கோமதி' எழுதினார், சு. சமுத்திரம் 1990-களில் 'வாடாமல்லி' எழுதினார். பிறரைப் பற்றிப் பிறர் எழுதிய கதைகள் ஆதலின், கதைசொல்லி ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒரு விகுதியைத் தேர்ந்தே ஆக வேண்டியிருந்தது. 2007-இல் லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், சரவணன் வித்யா' வந்தது. ரேவதியின் 'வெள்ளை மொழி' பின்னர் வந்தது. இவை தன்வரலாறுகள். சொல்பவர் தம்மைக் குறித்து எழுதிய ஒவ்வொரு வாக்கியமும், சரவணனாக இருந்தபோது நடந்தது ஆயினும் வித்யாவாக ஆனபின் நடந்தது ஆயினும், 'ஏன்' என்னும் ஒரே விகுதியில் முடிகிறது.